நெஸ்டர் எழுந்திருப்பதற்கு முன்

ஒரிஸியா வாங்கிய டிராக்டரின் இருக்கைக்கு அடியில் ஒரு வைக்கோல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மானிடோபா மாகாணத்தில் கோதுமை வைக்கோலைத் தெரியாதவர் கிடையாது. இது அது இல்லை. இன்னும் மெலிசு, இன்னும் வெளுப்பு. நெல்லாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். ஜப்பானில் ஏதோ ஒரு வயலில் சேற்றை உழுதுகொண்டிருந்த வண்டி, வயதான பிறகு விலைக்குப் போய், கப்பலேறி வான்கூவரில் இறங்கி, லாரியில் மலை தாண்டி எங்கள் சமவெளிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த எழுத்துகளை ஊரில் யாராலும் படிக்க முடியவில்லை. கியர் பக்கத்தில் மெதுவுக்கு ஓர் ஆமையும் வேகத்துக்கு ஒரு முயலும் வரையப்பட்டிருந்தன. அது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

சில சாயங்காலங்களில் அவள் கொட்டகைக்குள் போய் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருப்பாள். வெளியே தரை இறுகத் தொடங்கியிருக்கும். அவள் கண்ணை மூடினால் வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கிய வயல்கள் தெரியும். அந்தத் தண்ணீரில் வானம் கிடக்கும். ஆமை வேகத்தில் வண்டி அந்த வானத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்.

அவள் அதை வாங்கியதற்கு ஒரே காரணம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு விடியலிலாவது, நெஸ்டர் எழுந்திருப்பதற்கு முன், அவன் வீட்டு வழியில் கிடக்கும் பனியை அவள் தள்ளிவிட வேண்டும்.

நெஸ்டர் பக்கத்து நிலத்துக்காரன். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு பெரிய வயல், அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு மண்சாலை. கல்யாண வாழ்க்கை முடிந்துபோய் வின்னிபெக்கிலிருந்து ஒரிஸியா இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே அது ஆரம்பித்தது. பனி கொட்டிய மறுநாள் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால், வாசலிலிருந்து சாலை வரை வழி சுத்தமாக இருக்கும். தூரத்தில் அவனுடைய பெரிய டிராக்டரின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும். ஒரு நாளும் அவன் என்ஜினை நிறுத்தியதில்லை. இறங்கியதில்லை. அவள் தேனீ வளர்ப்பவள் என்பதால் தபால் பெட்டிக் கம்பத்தில் ஒரு தேன் பாட்டில் வைத்தாள். சில வாரம் கழித்து, கழுவித் துடைத்த வெற்றுப் பாட்டில் அதே இடத்தில் இருந்தது. அப்புறம் எல்லாக் குளிர்காலத்திலும் அதுவே பேச்சாக இருந்தது. அவன் பனி தள்ளுவான், அவள் தேன் வைப்பாள், பாட்டில் திரும்பி வரும்.

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் யாராவது வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் வெளியே ஒரு வயரை இழுத்துக்கொண்டு வந்து, "வண்டியைச் செருகிடட்டுமா?" என்று கேட்பார். குளிரில் என்ஜின் உறைந்துபோகாமல் சூடாக வைக்கும் ஹீட்டரின் பிளக் எல்லா வண்டியின் மூக்கிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படிக் கேட்டால், உட்கார், சாப்பிடு, அவசரமில்லை என்று அர்த்தம். செருகாமல் என்ஜினை ஓடவிட்டே பேசுபவர் கிளம்பப்போகிறவர். நெஸ்டர் எப்போதும் கிளம்பப்போகிறவனாகவே இருந்தான். நிற்காத வண்டிக்கு எப்படி வயரை நீட்டுவது? அவன் வேலையை ஒரு நாள் அவள் செய்துவிட்டால், அவன் வாசல் வரை அவளே போய்விட்டால், அவன் என்னதான் செய்வான் என்று பார்க்க அவளுக்கு ஆசை.

ஆனால் நெல் வயலில் வளர்ந்த வண்டிக்குக் குளிர் தெரியாது. நவம்பரில் முதல் தடவை குளிர் இறங்கியதுமே அது ஒரு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. மைனஸ் முப்பதில் டீசல் என்ஜின் கிளம்ப ராத்திரி முழுக்க அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இந்த வண்டிக்கென்று ஹீட்டர் யாரும் செய்யவில்லை. அங்கே தேவைப்பட்டதில்லை, இங்கே விற்கப்பட்டதில்லை.

டாஃபின் நகரில் உதிரிபாகக் கடையில் இருப்பவள் ஸ்லாவ்கா. நெஸ்டரின் அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது.

"அந்தக் குட்டி வண்டிக்கு ஹீட்டர் எதுக்குடி? ராத்திரி வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல படுக்க வெச்சுக்கோ" என்றாள்.

ஒரிஸியா சிரிக்காமல் நின்றதைப் பார்த்து, கல்லாவுக்குப் பின்னாலிருந்து அட்டைப் பெட்டிகளை எடுத்துப் பரப்பினாள். ஒன்று காந்த ஹீட்டர், எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒட்டவைத்தால் போதும். இன்னொன்று ரேடியேட்டரின் கீழ்க் குழாயை வெட்டி நடுவில் பொருத்துவது. மூன்றாவதுதான் உருப்படியானது. என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு வட்ட மூடியைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் கம்பியைச் செருகினால் நேராக உள்ளே இருக்கும் தண்ணீரையே சூடாக்கும். ஆனால் ஓட்டையின் அளவு தெரிய வேண்டும், கை தெரிந்த ஆள் வேண்டும்.

கை தெரிந்த ஆள் என்றால் ஒரே ஆள்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரிஸியா காந்தத்தை எடுத்துக்கொண்டாள். தானே ஒட்டிக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டாம், ரகசியம் ரகசியமாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்து அதை ஒட்டினாள். அது அவள் வயிற்றின் மேல் விழுந்தது. மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தது. எண்ணெய்த் தொட்டி அலுமினியம். காந்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குளிர்ந்த தரையில் மல்லாந்து கிடந்தபடி அவள் கொஞ்ச நேரம் கொட்டகையின் கூரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் நெஸ்டருக்கு ஃபோன் செய்தாள்.

அவன் மறுநாள் மத்தியானமே வந்தான். வண்டியைச் சுற்றி வந்து, ஆமையையும் முயலையும் பார்த்து லேசாகச் சிரித்தான். ஒரு சின்னக் கண்ணாடியை என்ஜினுக்குப் பின்னால் நீட்டி வெகு நேரம் பார்த்தான். ஒரு மூடி பம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எட்டாமல் இருந்தது. பின்பக்கம் இன்னொன்று இருந்தது, அதைச் சுற்றிக் கை போகும். அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். அந்த என்ஜினேதான் மீன் லாரிகளின் குளிர்பெட்டிக்கும் வருகிறதாம். அதற்குச் செய்த ஹீட்டர் இதற்கும் சேரும் என்று ஸ்லாவ்காவிடம் பேசிக் கண்டுபிடித்தான். குளிரவைக்கிற வண்டியின் சூட்டை இரவல் வாங்குகிறோம் என்று ஒரிஸியாவுக்குத் தோன்றியது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதும், அட்டையின் மேல் படுத்திருந்த அவன் வெளியே தலை நீட்டி ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.

ஹீட்டரைப் பொருத்தும்போது அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். என்ஜினுக்குள் இருந்த கூலன்ட் தண்ணீர் பச்சையாகச் சட்டியில் வடிந்தது. அவன் மூச்சும் அவள் மூச்சும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே புகையாகச் சேர்ந்து மேலே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் எங்கேயோ போய்விட்டது என்று அவன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து பிளக்கை வண்டியின் மூக்கில் கட்டித் தொங்கவிட்ட பிறகு, அவன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். ஏதோ சொல்ல வந்து, வேறு ஏதோ சொன்னான்.

"நல்லா கிளம்பும். இனிமே உங்களுக்கு யாரும் தேவைப்படாது."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் எதற்கு என்று சொல்ல வேண்டும், எதற்கு என்று சொன்னால் எல்லாம் போய்விடும். அவள் ஒரு தேன் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். வெளியே அவன் பிக்கப் வண்டி என்ஜின் ஓடியபடியே நின்றிருந்தது.

டிசம்பரில் முதல் பெரிய பனி கொட்டிய சாயங்காலம் அவள் கொட்டகையில் வயரை இழுத்துச் செருகினாள். விடிவதற்குள் எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினால், என்ஜின் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி முழுக்கச் சூடானதற்கு ஒரு அடையாளமும் இல்லை. இருட்டில் காத்திருந்தாள். நெஸ்டரின் டிராக்டர் சத்தமாவது கேட்கும் என்று நினைத்தாள். அதுவும் கேட்கவில்லை. முதல் தடவையாக அவள் வீட்டு வழியில் பனி அப்படியே கிடந்தது. அதற்குள் கால் புதையப் புதைய நடந்து சாலைக்குப் போய், அந்தப் பக்கமாக வந்த ஸ்லாவ்காவின் காரில் ஏறினாள்.

ஸ்லாவ்கா வழியெல்லாம் பேசினாள். தம்பி இப்போதெல்லாம் சாப்பாட்டை அளைகிறானாம். ஏன் பனி தள்ளப் போகவில்லை என்று கேட்டால், அவங்களுக்குத்தான் இப்போ சொந்தமாக இருக்கிறதே, நான் போய் நின்றால் நன்றாகவா இருக்கும் என்கிறானாம். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு சாஸ்கடூனில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போகிறானாம். புனித இரவு விருந்தன்று விடிகாலையிலேயே கிளம்புவதாக இருக்கிறானாம்.

ஒரிஸியாவுக்குத் தாங்கவில்லை. எதற்காக அந்த டிராக்டரை வாங்கினாள் என்பதை அந்தக் காரில்தான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

ஸ்லாவ்கா காரை ஓரமாக நிறுத்தியே விட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஏண்டி, அவன் போறான்னு அழுவுற. நீ போய் அவன் வழியைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தா, சவுகரியமா கிளம்பிப் போயிடுவானேடி."

"போனா போகட்டும், ஸ்லாவ்கா. தெரிஞ்சிட்டுப் போகட்டும்."

ஆனால் வண்டி கிளம்ப வேண்டுமே. தவறான ஹீட்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ, மீன் லாரியின் கம்பிக்கு இந்தக் குளிர் பிடிபடவில்லையோ என்று அவள் மறுகினாள். நெஸ்டரிடம் கேட்கலாம். கேட்க மனம் வரவில்லை. அவன் செய்து கொடுத்தது வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அந்தி சாயும் நேரத்தில், முற்றத்து விளக்கைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய் வயரைச் செருகினாள். செருகியதும் என்ஜினுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தது. அடுப்பில் வைத்த கெட்டில் கொதிக்குமுன் தனக்குத்தானே முனகுமே, அந்த மாதிரி. அவள் வண்டியின் மேல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நன்றாகத்தானே இருக்கிறது? வீட்டுக்கு வந்து, வழக்கம் போலச் சமையலறைச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி முற்றத்து விளக்கை அணைத்தாள். மற்ற வீடுகளில் அந்த விளக்கு விடிய விடிய எரியும். அவளுக்கு நட்சத்திரம் தெரிய வேண்டும், அதனால் அணைத்துவிடுவாள். அப்போதுதான் ஒரு கையுறையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால் உள்ளே நிசப்தம். முனகல் நின்றுபோயிருந்தது.

அவள் இருட்டில் நின்று யோசித்தாள். வீட்டுக்கு ஓடி சுவிட்சைப் போட்டாள். கொட்டகைக்கு ஓடி வந்தாள். முனகல். கொட்டகையின் பிளக்குக்கும் முற்றத்து விளக்குக்கும் ஒரே சுவிட்ச். இத்தனை நாளும் அவள் நட்சத்திரம் பார்ப்பதற்காகத் தன் என்ஜினைத் தானே குளிரவைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் முன்னோர் கொண்டுவந்த பழைய நாள்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரியில் வரும். அதற்கு முந்தைய நாள்தான் புனித இரவு விருந்து. இந்த வருஷம் விருந்துக்கு முதல் நாள் சாயங்காலம் பனி சரியான நேரத்துக்கு வருகிற விருந்தாளி மாதிரி வந்தது. காற்றே இல்லாமல், பெரிய பெரிய பூவாக இறங்கியது. ஒரிஸியா மறுநாள் விருந்துக்குக் கோதுமையை ஊறப்போட்டாள். கசகசாவையும் தேனையும் எடுத்துவைத்தாள். வயரைச் செருகினாள். விளக்கை எரியவிட்டுப் படுத்தாள். ஜன்னல் திரைக்குள் மஞ்சள் வெளிச்சம் தண்ணீர் மாதிரி தேங்கியிருக்க, அவள் கனவில் அந்த நெல் வயல்கள் வந்தன. இந்த முறை அவற்றின் மேல் பனி பெய்துகொண்டிருந்தது, ஆனால் தண்ணீர் உறையவில்லை. விழுந்த பூவெல்லாம் அப்படியே மிதந்தன.

விடிவதற்கு முன் அவள் சாவியைத் திருப்பியபோது, என்ஜின் கோடைக்காலத்தில் கிளம்புகிற மாதிரி கிளம்பியது.

பனி தள்ளும் பலகையை இறக்கி, ஆமைப் பக்கம் கியரைப் போட்டு வெளியே வந்தாள். பனி நின்றுபோயிருந்தது. வானம் ஆழ்ந்த நீலம், தரை வெளிர் நீலம், நடுவில் எதுவும் இல்லை. தன் வழியைத் தள்ளி முடித்து, மண்சாலையில் திரும்பி, வயலைச் சுற்றி நெஸ்டரின் வீட்டை நோக்கிப் போனாள். பலகையிலிருந்து பனி ஓரமாகச் சுருண்டு விழுந்துகொண்டே வந்தது. உழுகிற மாதிரிதான் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்றே அவளுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

வளைவில், எதிரே இரண்டு பெரிய விளக்குகள் வந்தன.

அவளுடைய வண்டியைப் போல நான்கு மடங்கு உயரத்தில் அவனுடைய டிராக்டர், பனியைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பலகைகளும் நடுவில் ஒரு சின்ன வரப்பு மாதிரி பனியை விட்டுவிட்டு நின்றன. நெஸ்டர் கதவைத் திறந்து குதித்து இறங்கி வந்தான். தொப்பி கோணலாக இருந்தது. கோட்டுக்குள் இரவுச் சட்டையின் காலர் தெரிந்தது.

"என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"உங்க முத்தத்து லைட் இன்னும் அணையல. நீங்க எப்பவும் அணைச்சிருவீங்க. சாஸ்கடூன் கிளம்பலாம்னு எழுந்தேன். ஜன்னல்ல பார்த்தா எரியுது. கீழ விழுந்து கிடக்கறீங்களோன்னு..." அவன் நிறுத்தினான். அவளையும் சின்ன வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த நேரத்துல எங்க போறீங்க?"

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டுக்கு. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி உங்க வழியைத் தள்ளி வைக்கலாம்னு. ஒரு நாளாவது. அதுக்குத்தான் இதை வாங்கினேன்."

அவன் முகத்தில் ஒன்றன் பின் ஒன்றாக என்னென்னவோ வந்து போயின. கடைசியில் அவன் அவள் வண்டிக்குப் பின்னால் எதையோ பார்த்தான்.

"பின்னாடி ஒரு வால் வருது பாருங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். வயரைப் பிடுங்க மறந்துவிட்டிருந்தாள். மஞ்சள் வயர் கொட்டகைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு, சாலையெல்லாம் இழுபட்டு அவள் பின்னாலேயே வந்திருந்தது. எங்கள் ஊரில் இது நடக்காத வீடு கிடையாது. ஆனால் இவ்வளவு தூரம் யாரும் இழுத்ததில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நெஸ்டர் குனிந்து வயரை எடுத்து, முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாக நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தான். சுற்றி முடியும் வரை அவளைப் பார்க்கவில்லை.

"நான் எல்லாத்தையும் தள்ளிட்டேனே" என்றான். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னான். "என் வழியில ஒண்ணுமே மிச்சமில்ல."

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னா எப்படி? கொஞ்சம் இருங்க."

வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிப் போனான். பெரிய டிராக்டர் திரும்பியது. அவன் தன் வீட்டு வழி வரை போய், ஓரத்தில் தள்ளிவைத்திருந்த பனியை எல்லாம் பலகையால் அள்ளி அள்ளி மறுபடி வழியின் நடுவில் கொட்டுவதை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். கர்மசிரத்தையாகக் கொட்டினான். இரண்டு மூலைகளில் போதவில்லை என்று திரும்பி வந்தும் கொட்டினான். பிறகு டிராக்டரைக் கொட்டகைப் பக்கம் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே எரிந்த விளக்கும் அணைந்தது.

ஒரிஸியா பலகையை இறக்கினாள். பனி இப்போது கட்டியும் முட்டியுமாக இருந்தது, சின்ன வண்டி திணறியது. அவள் அவசரப்படவில்லை. ஆமையாகவே போனாள். கிழக்கே வயலின் விளிம்பு இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. வழியின் இரண்டு ஓரத்தையும் ஒழுங்குபடுத்தி, வாசல் படிக்கு முன்னால் கடைசிக் கட்டியைத் தள்ளி நிறுத்தினாள்.

கதவு திறந்தது. நெஸ்டர் இப்போதுதான் எழுந்தவன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். நடிக்கத் தெரியாத ஆள். காது வரை சிவந்திருந்தது.

"யாரோ என் வழியைச் சுத்தம் பண்ணியிருக்காங்களே" என்றான்.

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப வேண்டாம்னு பார்த்தேன்." அவள் என்ஜினை நிறுத்தவில்லை. கை சாவியின் மேல் இருந்தது. "இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டு மேஜையில எப்பவும் போல ஒரு தட்டு அதிகமா வைப்பேன், செத்துப்போனவங்களுக்கு. இந்த வருஷம் இன்னொண்ணும் வைக்கலாம்னு இருக்கேன். சாஸ்கடூன் போறவங்களுக்கு எதுக்குன்னும் யோசிக்கிறேன்."

அவன் படியிறங்கி வந்தான். தோளிலிருந்த மஞ்சள் வயரின் ஒரு முனையை வீட்டுச் சுவரில் இருந்த பிளக்கில் செருகினான். இன்னொரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் வண்டியின் மூக்கருகே வந்து நின்றான்.

"செருகிடட்டுமா?"

அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது. சமவெளி முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அவன் குனிந்து செருகியதும், நெல் வயலிலிருந்து வந்த அந்தச் சின்ன என்ஜினுக்குள் தண்ணீர் மெல்ல முனக ஆரம்பித்தது.

"ராத்திரி விருந்துக்கு மீன் நான் கொண்டு வர்றேன்" என்றான் நெஸ்டர். "உள்ள வா. காபி போடறேன்."